சாவுக்கு அணைத்த வண்டி

"ஒனக்கு எதுக்குடி இதெல்லாம்? கார் ஓட்டப் பழகுறவ கிளட்சை மிதிச்சோமா, கியரைப் போட்டோமா, குறுக்க வர்ற ஆட்டுக்குட்டியைப் பாத்தோமான்னு இருக்கணும். இந்தக் கெழவி ஓடுற வண்டியை அணைச்சாளா இல்லையான்னு தெரிஞ்சாத்தான் லைசென்ஸ் குடுப்பேன்னு சொல்லிட்டாங்களா?"

இப்படித்தான் திட்டினேன். எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள். தஞ்சாவூரில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போகிறாள். ஓடுகிற வண்டியில் எக்காரணம் கொண்டும் இன்ஜினை அணைக்கக் கூடாது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். இவள் வீட்டில் வந்து அதைச் சொல்ல, மாமியார்க்காரி சிரித்துக்கொண்டே என் வீட்டைக் கை காட்டியிருக்கிறாள். "அங்க போய்க் கேளு. அந்தம்மா அணைச்சே காமிச்சவங்க." இதுவும் நேராக வந்து கேட்டுவிட்டது. திட்டியும் போகவில்லை. காலை மடக்கி உட்கார்ந்துகொண்டது. அவளிடம் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். உங்களுக்கும் ஒரு திட்டு பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்காரர் நாற்பது வருஷம் வாடகைக் கார் ஓட்டினவர். திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில்தான் அவர் கார் நிற்கும். முதுகு உருண்டு, மூக்கு உருண்டு, நன்றாகத் தின்று வளர்ந்த எருமை மாதிரி இருக்கும். நான் அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வேன். காலையில் அதைக் குளிப்பாட்டி, துடைத்து, பொட்டு வைத்து, பூப் போட்ட பிறகுதான் எனக்கு ஒரு 'என்னடி' கிடைக்கும். அதன் ஸ்டீயரிங்கைத் திருப்ப இரண்டு தோளும் வேண்டும். பிரேக் ஒரே மிதியில் பிடிக்காது. விட்டு விட்டு மூன்று மிதி மிதித்தால்தான் வண்டி நிற்கும். ஹேண்ட் பிரேக் டாஷ்போர்டுக்கு அடியில் குடைப்பிடி போலத் தொங்கும். குனிந்து இழுக்க வேண்டும்.

"என்னங்க இது, மூணு தடவை சொன்னாத்தான் கேக்குது?"

"நீ முப்பது தடவை சொன்னாலும் கேக்க மாட்டே. அதுக்கு இது தேவல."

அந்தக் காரில் அவர் பிள்ளைத்தாய்ச்சிகளை ஏற்றிக்கொண்டு பறந்திருக்கிறார். கல்யாணப் பெண்களை ஏற்றி வந்திருக்கிறார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனவர்களையும் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். அப்போது எங்கள் பக்கத்துக்கு ஆம்புலன்ஸ் ஏது? பின்சீட்டில் நடுவில் உட்கார்த்தி, இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் அணைத்துப் பிடித்துக்கொள்வார்கள். அப்படி வரும்போது வழிநெடுக ஹாரனில் கை வைக்க மாட்டார். வீட்டுத் தெருவில் திரும்பியதும் இன்ஜினை அணைத்துவிட்டு, இருக்கிற ஓட்டத்திலேயே வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார்.

அந்தப் பழக்கம் நாளாக ஆக இன்னும் ஒரு படி மேலே போனது. எதிரே சாவு வருகிறது என்றால் போதும், சாவியைத் திருப்பிவிடுவார். கியரை எடுத்துவிட்டு, சத்தமில்லாமல் வண்டியை ஓரத்துக்கு உருட்டிக்கொண்டு போய் நிறுத்துவார். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நிற்பார். யார், எந்தத் தெரு, எந்த ஊர் என்றெல்லாம் கேட்கமாட்டார். பாடை கடந்துபோன பிறகுதான் மறுபடி வண்டியை எடுப்பார்.

"அவங்க கொட்டு அடிக்கிறாங்க, வெடி போடுறாங்க, ஊரே அதிருது. இதுல ஒங்க இன்ஜின் சத்தம் யாரு காதுலங்க விழப்போவுது?"

"அது அவங்க சத்தம்டி. போறவங்களுக்காகப் போடுறது. நடுவுல நம்ம சத்தம் எதுக்கு?"

எனக்குப் பதில் வராமல் போன சமயங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் இது மறக்கவில்லை.

அவருக்கு அறுபத்தெட்டு வயதானபோது சக்களத்தி போய்ச் சேர்ந்தாள். பழைய இரும்புக்கு எடைபோட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார், வாசலுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு ஐந்து வருஷம் கை சும்மா இருந்தது. சும்மா இருக்கத் தெரியாத கை. சோற்றுத் தட்டைக்கூட இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். "இடது பக்கம் திருப்புங்க, ரசம் ஊத்தணும்" என்பேன். சிரிக்க மாட்டார். முன்பெல்லாம் இதற்குச் சிரிக்கிற ஆள்தான்.

பிள்ளை துபாயில் இருக்கிறான். லீவில் வந்தவன் கைமாறிய கார் ஒன்றை வாங்கினான். ஊருக்கு வந்தால் போக வர இருக்கட்டும் என்று. அவன் திரும்பிப் போன பிறகு அதை யார் பார்த்துக்கொள்வது? வாரத்துக்கு ஒருமுறை ஓட்டாவிட்டால் பேட்டரி செத்துவிடுமாம். என் அண்ணன் மகனிடம் சாவியைக் கொடுக்கப் போகிறேன் என்றான். இவர் இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. மூன்றாம் நாள் பிள்ளைக்கே பொறுக்கவில்லை.

"சரிப்பா, நீயே வச்சுக்க. ஆனா இது ஒன்னோட பழைய வண்டி இல்ல. ஒரு கீறல் விழுந்துச்சுன்னாலும் சாவி மாமா மவன்கிட்டப் போயிரும். அப்பறம் வருத்தப்படக் கூடாது."

நாற்பது வருஷம் ஒருத்தர் மேலும் வண்டியை உரசாத மனுஷன், தான் பெற்ற பிள்ளையிடம் தலையை ஆட்டி வாக்குக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துப் பையன் வாத்தியாரிடம் ஆட்டுகிற மாதிரி. நான் அடுப்படியில் நின்று பார்த்தேன். அந்தச் சாவி போனால் இவரும் போய்விடுவார் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

புது வண்டியின் ஸ்டீயரிங் ஒரு விரலுக்கே திரும்பியது. "என்னடி இது, வண்டியா, சோப்புக்கட்டியா?" என்றார். பிரேக்கில் கால் பட்டாலே நின்றது. முதல் நாள் நான் கண்ணாடியில் போய் முட்டிக்கொண்டேன். வாரம் ஒருநாள் திருக்காட்டுப்பள்ளி போவோம், வருவோம். ஒரு தடவை சமதரையில் எதிரே சாவு வந்தது. வழக்கம்போல அணைத்தார். ஏற்கெனவே மெதுவாகப் போய்க்கொண்டிருந்த வண்டி, தானே நான்கு முழம் உருண்டு நின்றுவிட்டது. ஆகவே அணைத்தால் என்ன ஆகும் என்று தெரியாமல் போயிற்று.

அது குறுவை அறுப்பு நேரம். இரண்டு நாள் பெய்த மழை விட்டு வெயில் வந்திருந்தது. நெல் ஈரமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அதனால் ரோட்டில் ஒரு பாதியை நெல் காயப்போட விட்டுவிட்டு, மறுபாதியில்தான் மனுஷர்கள் போகவேண்டும். திருக்காட்டுப்பள்ளியில் கத்தரிக்காய், தேங்காய், இரண்டு கட்டு வாழையிலை எல்லாம் வாங்கினேன். பையைக் காலடியில் வைத்தால் இடிக்கிறது என்று, எனக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு சீட்டுக்கும் இடையே ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருக்குமே, அதன் மேல் நன்றாக அழுத்தி வைத்தேன். கையை ஊன்றிக்கொள்ள வைத்திருக்கிறான் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் ஊருக்கு வருவதற்குள் ஆற்றுப் பாலம் ஒன்று உண்டு. எங்கள் சீமையில் எல்லாம் தட்டைத் தரை; ஏற்றம் இறக்கம் என்றால் பாலம்தான். ஏறி உச்சிக்கு வந்ததும் கீழே கொட்டுச் சத்தம். சரிவு முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் அப்பால் சாவு வந்துகொண்டிருந்தது. பாலத்தடியில் கரைமேல் திரும்பித்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். முன்னால் கொட்டு, வெடி போடுகிறவன். அப்புறம் கொள்ளிச்சட்டி ஏந்திக்கொண்டு மகன். நாலு பேர் தோளில் பச்சை மூங்கில் பாடை.

"சாவு" என்றார். சாவியைத் திருப்பினார். கியரை எடுத்தார்.

வண்டி இறங்கியது. காற்று மட்டும் கேட்டது. வழக்கம்போல மூன்று மிதி மிதித்தார். முதல் மிதி கொஞ்சம் பிடித்தது. விட்டார். இரண்டாவதில் அரைகுறை. விட்டார். மூன்றாவதில் கால் கல்லில் மோதினது மாதிரி நின்றுவிட்டது. வண்டி நிற்கவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினார். ஒரு விரலுக்கு ஆடினது, இப்போது இரண்டு கைக்கும் அசையவில்லை. அவருடைய வலது கை டாஷ்போர்டுக்கு அடியில் போய் எதையோ தேடியது. அங்கே ஒன்றுமில்லை. மறுபடி தேடியது.

"புடிக்கலடி" என்றார். குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

"ஹாரனை அடிங்க!"

அடிக்கவில்லை. நான்தான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினேன். கொட்டுச் சத்தத்தில் என் கத்தல் எங்கே எடுபடும்? அவர் சீட்டை விட்டு எழும்பி, உடம்பு முழுவதையும் அந்தச் சக்கரத்தில் தொங்கவிட்டார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. வண்டி மெல்ல மெல்ல இடது பக்கம் ஒதுங்கியது. பிள்ளைகள் ஓடுகிற வேகம்தான், ஆனால் இரும்பு. கொட்டுக்காரர்கள் சிதறினார்கள். வெடி போட்டவன் வாய்க்காலில் குதித்தான். கொள்ளிச்சட்டி வைத்திருந்த மகன் மட்டும் சட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். அவரை ஒரு சாண் தள்ளித் தாண்டிப் போய், ரோட்டோரம் குவித்து வைத்திருந்த நெல் அம்பாரத்தில் வண்டி மூக்கைச் செருகி நின்றது.

பின்னால் பாடை தூக்கினவர்களில் முன் இரண்டு பேர் வலது பக்கம் ஓடினார்கள், பின் இரண்டு பேர் இடது பக்கம். பாடை சரிந்தது. அதிலிருந்து செத்துப்போன அந்த அம்மாள் வழுக்கி, காய்ந்துகொண்டிருந்த நெல்லின் மேல் விழுந்தாள்.

அத்தனை பேர் ஓடின இடத்தில் அவள் ஒருத்திதான் பதற்றப்படவில்லை. இப்போது சிரிக்கிறேன் பாருங்கள், அப்போது சிரிப்பா வந்தது?

இவர் கதவைத் திறந்து இறங்கினார். செருப்பைக் கழற்றினார். அந்த நேரத்திலும் கழற்றினார். அதற்குள் நாலு பக்கமிருந்தும் கூட்டம் வந்துவிட்டது.

"கண்ணு அவிஞ்சு போச்சாய்யா ஒனக்கு?"

"சாவு வர்றது தெரியாம என்ன மயித்துக்கு வண்டி ஓட்டுறே?"

"புடிச்சு ரெண்டு வைடா!"

ஒருத்தன் கையில் செல்போன் இருந்தது. படம் எடுத்துக்கொண்டிருந்தான். நாங்கள் வீடு போய்ச் சேருவதற்கு முன்னால் அது துபாய் போய்ச் சேர்ந்துவிடும். ஓடுகிற வண்டியைத் தானே அணைத்தார் என்று பிள்ளைக்குத் தெரிந்தால், சாவி அன்றைக்கே கைமாறும். இவர் வாயைத் திறக்கப் போனார். "நான்..." என்று ஆரம்பித்துவிட்டார். நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்கப்பா! நான்தான், நான்தான் பண்ணினேன். வெடிச் சத்தத்துல பயந்துபோய் சாவியைப் புடிச்சுத் திருப்பிட்டேன். வண்டி அணைஞ்சுபோச்சு. அவரு என்ன பண்ணுவாரு?"

கொஞ்சம் குடித்திருந்த ஒருத்தன் தலையில் அடித்துக்கொண்டான். "பொம்பளைய முன்சீட்டுல ஏத்துனா இதான்யா!" இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அடி விழவில்லை. திட்டு மட்டும் என் பக்கம் திரும்பியது. அதை நான் தாங்குவேன், பழக்கம்.

நெல்லுக்குச் சொந்தக்காரி ஓடிவந்தாள். என் வயசுதான் இருக்கும். நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தவள். நெல் போச்சே என்று அவள் வேறு ஆரம்பிப்பாள் என்று பயந்தேன். அவள் எங்களைப் பார்க்கவே இல்லை. குனிந்து, முந்தானையால் அந்த அம்மாளின் முகத்தில் ஒட்டியிருந்த நெல்லைத் துடைத்தாள்.

"எத்தனை வயலு நட்டவ. நெல்லுலதான விழுந்தா, விடுங்கடா. எங்கயும் அடி படல. தூக்குங்க."

மகன் கொள்ளிச்சட்டியோடு எங்களிடம் வந்தார். நாற்பது வயது இருக்கும். மொட்டைத் தலையில் வெயில். கோபமே இல்லாத முகம். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போங்கம்மா. வீட்டுக்குப் போங்க. பெரியவரை உக்கார வச்சுத் தண்ணி குடுங்க, அவருக்கு ஒடம்பு ஆடுது."

மறுநாள் மெக்கானிக் வந்து பார்த்தான். விளக்கு ஒன்று உடைந்திருந்தது, பானட் கொஞ்சம் நெளிந்திருந்தது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னான். "அம்மா, இந்த வண்டியில இன்ஜின் ஓடுனாத்தான் ஸ்டீயரிங்குக்குத் தொணை. அணைஞ்சா அத்தனை கனமும் கையில எறங்கிரும். பிரேக்கும் அப்பிடித்தான். அணைஞ்சப்பறம் ஒரு மிதி, ரெண்டு மிதிக்குத்தான் உள்ள புடிப்பு இருக்கும். விட்டு விட்டு மிதிச்சா அது போயிரும், அப்பறம் கல்லுதான். விடாம ஒரே மிதியா, ரெண்டு காலாலயும் ஏறி மிதிச்சிருந்தா நின்னிருக்கும். இல்ல, இந்த ஹேண்ட் பிரேக்கை இழுத்திருந்தாலும் நின்னிருக்கும்." இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த அந்தக் கொம்பைப் பிடித்துத் தூக்கிக் காண்பித்தான். கர்ரக் என்றது. அதில் வாழையிலைச் சாறு கறையாக ஒட்டியிருந்தது.

இவர் அந்தக் கொம்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். என் பையைப் பற்றி அன்றைக்கும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

பிள்ளை போனில் சிரி சிரி என்று சிரித்தான். "அம்மா, ஒன்னைப் பின்சீட்டுல கட்டிப்போடச் சொல்றேன். அப்பா, நீ கவலைப்படாத. விளக்கை மாத்தச் சொல்லு. ஒன்மேல என்ன தப்பு?" சாவி இவரிடமே இருந்தது. நான் நினைத்தது நடந்தது.

பக்கத்து வீடு, எதிர்வீடு, பின்தெரு என்று ஒரு வாரம் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நானும் சளைக்காமல் சொன்னேன். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. வெடி என் காதுக்குள்ளேயே வெடித்தது. நான் சாவியை நாய் வாலைப் பிடிக்கிற மாதிரி எட்டிப் பிடித்தேன். வாய்க்காலில் குதித்தவன் வேட்டியை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தான். பெண்டுகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் உள்ளே கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். பழி உங்கள் மேல் இல்லை பாருங்கள், என்று சொல்கிற மாதிரி.

ஒரு மத்தியானம் எல்லாரும் போன பிறகு கூப்பிட்டார்.

"ஏண்டி அப்பிடிச் சொன்னே?"

"சொல்லாட்டி சாவி போயிருக்கும்ல?"

"சாவி கெடக்குடி. நான் அந்தக் கொள்ளிச்சட்டிப் பையன் கால்ல விழ இருந்தேன்."

"இப்பப் போய் விழுங்களேன். யாரு வேணாங்கிறா?"

"என்னன்னு சொல்லி விழுறது? பொண்டாட்டி சாவியைத் திருப்பினதுக்கு நான் எதுக்கு விழணும்? நான்தான் அணைச்சேன்னு சொன்னா, சாவு நடுவுல நின்னு நீ பொய் சொன்னவ ஆயிடுவே."

"ஆயிட்டுப் போறேன். இதுவரைக்கும் நான் என்ன அரிச்சந்திரன் பொண்டாட்டியா?"

அவர் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சுவரிடம் சொல்கிற மாதிரி சொன்னார். "அவங்க அம்மாவுக்கு மரியாதை பண்ணத்தான அணைச்சேன். அதையாச்சும் சொல்லியிருப்பேன்ல?"

பதினாறாம் நாள் கருமாதி என்று கேள்விப்பட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் தனியாகப் போனார். சொல்லிவிட்டுத்தான் வருவார் என்று நினைத்தேன். சொல்லட்டும், என்னைப் பொய்க்காரி என்று நாலு ஊரும் சொல்லட்டும் என்று நானும் தயாராகத்தான் இருந்தேன். மாலையில் வந்தார். கை துடைத்த கறை சட்டையில் இருந்தது.

"சொன்னீங்களா?"

"நான் உள்ள நுழைஞ்சதும் அந்தப் பையன் எந்திரிச்சு வந்து கையைப் புடிச்சுக்கிட்டான். 'ஒங்க மேல என்ன தப்புங்க பெரியவரே, அந்தம்மா பயந்துபோய்ப் பண்ணினது, நீங்க இவ்வளவு தூரம் வந்ததே பெருசு'ன்னான். எலை போட்டான். பக்கத்துல நின்னு பரிமாறுனான்."

"அப்பறம்?"

"சாப்ட்டேன்."

அவ்வளவுதான். அந்த 'சாப்ட்டேன்' மாதிரி ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. திருடின சோற்றைத் தின்றவன் சொல்கிற மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அவர் வண்டியைத் தொடவில்லை. சாவியை ஆணியில் மாட்டினார். வாரம் வந்தால் "போவலாமாங்க?" என்பேன். "நாளைக்கு" என்பார். பேட்டரி செத்தது. எந்தச் சாவியைக் காப்பாற்ற நான் அத்தனை பேர் முன்னால் பொய் சொன்னேனோ, அது கொத்தோடு தூசி அடைந்து தொங்கியது. சோற்றுத் தட்டைப் பிடிக்கும் கையும் தளர்ந்துபோனது. தட்டு தரையில் கிடக்கும், கை மடியில் கிடக்கும். நான் என்னென்னவோ சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். மாசி மாதம் ஒரு காலையில் காப்பி கொண்டுபோனேன். குடிக்கவில்லை. டாக்டர் என்னென்னவோ பெயர் சொன்னார். வயசு என்றும் சொன்னார்.

சாவுக்குக் கொள்ளிச்சட்டி ஏந்தின அந்த மகனும் வந்தார். யார் சொல்லி அனுப்பினார்களோ தெரியாது. மாலையோடு வந்தவர், ஓரமாக நின்றார். எடுக்கிற நேரத்தில் முன்னால் வந்து பாடைக்குத் தோள் கொடுத்தார். தூக்குவதற்கு முன் என்னிடம் குனிந்து சொன்னார்.

"அன்னைக்கு அவரு மேல ஒரு தப்பும் இல்ல. இருந்தும் கருமாதிக்கு வந்து எங்க வீட்டுல கையை நனைச்சாரு. நல்ல மனுஷன்மா."

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பெண்டுகள் என் தலையைப் பிடித்துச் சாய்த்துக்கொண்டு ஒப்பாரியைத் தூக்கிவிட்டார்கள். கொட்டு ஆரம்பித்துவிட்டது. அவர் தோளில் என் வீட்டுக்காரர் தெருமுனையில் திரும்பிப் போய்விட்டார். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. நான் வாசலோடு நின்றுவிட்டேன்.

பிறகு ஆள் விட்டுச் சொல்லலாமா என்று யோசித்தேன். வேறு யார் வாயிலாவது அது என்னவாகப் போய்ச் சேருமோ. நேரில் போகலாம் என்றால், செத்தவரை நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவரிடம் போய், இல்லை, அவர்தான் உன் அம்மாவை ரோட்டில் தள்ளினார் என்று சொல்வதா? அதைச் சொல்ல வேண்டிய வாய் ஒன்றுதான் இருந்தது. அதை நான் ஒரு மாலை வெயிலில், கூட்டத்துக்கு நடுவில், முந்திக்கொண்டு அடைத்துவிட்டேன்.

இவருடைய காரியம் முடிந்த அன்று சாயங்காலம், தெருப் பெண்டுகள் ஏழெட்டுப் பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் இரண்டு வாரமாகச் சிரிக்கவில்லை என்று அவர்களுக்குக் கவலை. எதிர்வீட்டுக்காரி என் தோளை இடித்தாள்.

"யக்கா, அந்தச் சாவியைத் திருப்புன கதையைச் சொல்லேன். நீ சொல்லித்தான் கேக்கணும்."

சொன்னேன். சாவியை நான் தொடவே இல்லை, அவர்தான் அணைத்தார் என்றேன். ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "பாத்தியா, ஆரம்பிச்சிருச்சு!" என்றாள். இன்னொருத்தி முகத்தைச் சுளித்தாள். "செத்த மனுஷன் தலையிலயா யக்கா போடுவே? பாவம், வாயில்லாத மனுஷன். நீ பண்ணினதை நீயே ஒத்துக்கிட்டேன்னு ஊருக்கே தெரியும்." இவ்வளவு வருஷம் நான் சொன்ன பொய்யையெல்லாம் நம்பினவர்கள். ஒரே ஒரு நிஜத்தைச் சொல்கிறேன், ஒருத்தி முகத்திலும் அது ஏறவில்லை.

வெற்றிலைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, அவர்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னேன்.

"சிரிக்காதீங்கடி. அவருதான் அணைச்சாரு. எதுத்தாப்புல சாவு வந்துச்சுன்னு, மரியாதைக்கு அணைச்சாரு. அதைச் சொல்லி அந்தப் புள்ள கால்ல விழணும்னு சாவுற வரைக்கும் தவிச்சாரு. நான்தான் விடல."